விசாகப்பட்டினம் டியூ-142 விமான அருங்காட்சியகம்: வடசென்னையிலிருந்து குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் குடியிருப்பில் மொத்தம் பன்னிரண்டு வீடு. போன காலாண்டு விடுமுறையில் நாங்கள் விசாகப்பட்டினம் போய் கடற்படையின் அந்தப் பெரிய விமானத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஒருத்தர், பள்ளிக்கூட வாசலில் ஒருத்தர், ரேஷன் கடை வரிசையில் ஒருத்தர் என்று அதே கேள்விகளையே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பிப்ரவரியில் நாத்தனார் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் தடவையும் போய் வந்தேன், கேள்விகளும் இரண்டு மடங்காகிவிட்டன. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்வியைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதி வைத்திருக்கிறேன். இனி யார் கேட்டாலும் இதைத்தான் அனுப்புவேன்.

அக்கா, ஏரோப்ளேன் மியூசியம்னு சொல்றீங்களே, அது ஏர்போர்ட்லயா இருக்கு?

இல்லை, கடற்கரைச் சாலையில். விசாகப்பட்டினத்தில் ராமகிருஷ்ணா கடற்கரை என்று ஒன்று உண்டு, ஊர்க்காரர்கள் ஆர்.கே. பீச் என்பார்கள், நமக்கு மெரினா மாதிரி. அந்தச் சாலையில் ஒரு பக்கம் மணலில் குர்சுரா என்ற நீர்மூழ்கிக் கப்பல், எதிர்ப்பக்கம் இந்த விமானம். பெயர் டியூ-142, ரஷ்யாவில் (அப்போது சோவியத் யூனியன்) செய்தது. 2017 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

ஒரே ஒரு ப்ளேனைப் பாக்கவா அவ்ளோ தூரம்?

நானும் இதே கேள்வியைத்தான் என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அப்புறம் ஆட்டோவை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். நீளம் 53 மீட்டர், இந்த இறக்கை நுனியிலிருந்து அந்த இறக்கை நுனி வரை 50 மீட்டர். புரிகிற மாதிரி சொன்னால், தண்டையார்பேட்டை மெட்ரோவில் வந்து நிற்கிற ரயிலில் இரண்டரைப் பெட்டியை வரிசையாக வைத்தால் என்ன நீளமோ அவ்வளவு. அதுவும் தூரத்தில் கயிறு கட்டி நிறுத்தி வைக்கவில்லை, கிட்டே போகலாம், உள்ளேயும் ஏறலாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, அது அடுத்த கேள்வியில்.

அது நம்ம அரக்கோணத்து ப்ளேனாமே, நெசமா?

நெசம்தான். 1988-இல் இந்தியக் கடற்படை இந்த வகை விமானம் எட்டு வாங்கியது. முதலில் கோவாவில் இருந்தன. 1992 மார்ச்சில் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற தளம் தொடங்கிய பிறகு அங்கே வந்துவிட்டன. அதிலிருந்து 2017 மார்ச் 29 வரை, 25 வருஷம், இவற்றுக்கு வீடு அரக்கோணம்தான். ஓய்வு கொடுக்கும் விழாவும் அங்கேதான் நடந்தது. அடுத்த மாதமே ஒன்று கடைசியாகப் பறந்து விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. நீங்கள் பார்க்கப்போவது அதைத்தான்.

என் மாமியார் பிறந்த ஊர் திருவாலங்காடு பக்கம். அருங்காட்சியக வாசலில் நின்றுகொண்டு, "இது எங்க ஊரு மேல போறதுதான்டி, இது போனா அலமாரியில இருக்கிற எவர்சில்வர் தம்ளர் எல்லாம் கிணுகிணுன்னு ஆடும்" என்றார். நாங்கள் யாரும் அவரிடம் அரக்கோணம் என்ற பேச்சையே எடுத்திருக்கவில்லை. அந்த வாலையும் விசிறிகளையும் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

அப்போ அரக்கோணத்துலேயே போய் பாத்துடலாமே, எதுக்கு ஆந்திரா வரைக்கும்?

அரக்கோணத்தில் இருப்பது இப்போதும் வேலை நடக்கிற போர் விமானத்தளம். நினைத்த நேரத்துக்குப் போய், "சார், பசங்க ப்ளேன் பாக்கணும்" என்று கேட்கிற இடமில்லை. வாசல் வரை போய்த் திரும்பி வந்தவர் எங்கள் குடியிருப்பிலேயே ஒருத்தர் இருக்கிறார், பெயர் வேண்டாம்.

ஐ.என்.எஸ்.னா கப்பல்தானே? தரையில இருக்கறதுக்கு ஏன் அந்தப் பேரு? ப்ளேன்னா ஏர்ஃபோர்ஸுதானே?

இந்தக் குழப்பம் எல்லாருக்கும் வருகிறது. விமானப்படை வேறு, கடற்படையின் விமானப் பிரிவு வேறு. கடலுக்கு மேலே பறந்து கடலைக் கண்காணிக்கிற வேலை கடற்படையுடையது, அதற்கான விமானங்களையும் அதுவே வைத்திருக்கிறது. கரையில் இருக்கும் தளங்களுக்கும் கப்பலுக்கு வைக்கிற மாதிரியே ஐ.என்.எஸ். சேர்த்துப் பெயர் வைப்பது வழக்கம். கடற்படை விமானத்தளங்களுக்குப் பெரும்பாலும் பறவைப் பெயர். அரக்கோணத்துக்கு ராஜாளி, ராமநாதபுரம் உச்சிப்புளியில் இருப்பதற்குப் பருந்து. இரண்டுமே தமிழ்ப் பெயர்.

போகுமுன் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் என் மகன் மாதிரி உள்ளே இருந்த எல்லாரிடமும் "ஏர்ஃபோர்ஸ் அங்கிள்" என்று கூப்பிட்டுத் திருத்தம் வாங்கிக்கொண்டிருப்பார்கள்.

எப்படிப் போறது? ட்ரெயினா, பஸ்ஸா, ஃப்ளைட்டா?

ரயில்தான். சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய 780 கி.மீ. ஹவுரா மெயில் சாயங்காலம் கிளம்பி மறுநாள் காலையில் இறக்கிவிடும், கோரமண்டல் காலையில் கிளம்பி ராத்திரியில் கொண்டு சேர்க்கும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ராத்திரி ரயில் சௌகரியம். ஆனால் ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலத்தைப் பார்க்க வேண்டுமானால் பகல் ரயில். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தனி படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம், 5 முதல் 12 வரை படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெட்ரோவில் தெற்கே சென்ட்ரல் வரை போய் ரயில் ஏறினால், அது பேசின் பிரிட்ஜ் தாண்டி கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று திரும்ப நம் வீட்டு வழியாகவேதான் வடக்கே போகும். கீழ்வீட்டுப் பையன்கள் கொருக்குப்பேட்டை கேட் அருகில் நின்று டார்ச் அடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள், அடித்தார்கள். என் மகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தலில் எதிர் சீட்டுக்காரர் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டார்.

விமானத்தில் போகிறவர்களுக்கு விம்கோ நகரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் வரை ஒரே மெட்ரோ. டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழையது ஊருக்குள்ளேயே இருக்கிறது, போகாபுரத்தில் கட்டியிருக்கும் புதியது ஊரைவிட்டு நல்ல தூரம். மாதவரத்திலிருந்து பஸ்ஸில் போகலாமா என்று கேட்டவர்களுக்கு: நெல்லூர், திருப்பதி என்றால் சரி, இதற்கு வேண்டாம்.

புக் பண்றப்போ துவ்வாடான்னு ஒரு ஸ்டேஷன் காட்டுது, அதுவும் வைசாக்தானே?

இதில்தான் என் நாத்தனார் வீட்டுக்காரர் ஏமாந்தார். விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் போகிற ரயில் வந்த வழியே திரும்பித்தான் வெளியே வரவேண்டும், இன்ஜினைப் பின்னால் மாற்றிப் போட்டு அரை மணி நேரம் போல ஆகும். அதனால் சில தொலைதூர ரயில்கள் ஊருக்குள் போகாமல் துவ்வாடாவில் நின்றுவிட்டு வெளி வழியாகவே போய்விடுகின்றன. துவ்வாடாவிலிருந்து ஊர் இருபது கிலோமீட்டர் சுமார்.

அவர் டிக்கெட்டில் ஊர்ப் பெயரைச் சரியாகப் பார்க்காமல் போட்டுவிட்டு, விடியற்காலை ஐந்து மணிக்கு மூன்று பெட்டி, இரண்டு தூங்குமூஞ்சிப் பிள்ளைகள், ஒரு தண்ணீர்க் கேனோடு அங்கே இறங்கி நின்றார். ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுக்க வேண்டியதாயிற்று. தப்பு அவருடையதுதான், அவரே ஒத்துக்கொள்வார், ஆனால் என்னிடம் மட்டும்.

எந்த மாசம் போனா நல்லது?

ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய நல்ல காலம். பொங்கல் லீவில் போகலாம் என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கு அது சங்கராந்தி, ஆந்திரா பக்கம் போகிற ரயிலில் கால் வைக்க இடமிருக்காது. அக்டோபர், நவம்பர் புயல் காலம், ரயிலை ரத்து செய்தால் திட்டம் மொத்தமும் போச்சு. மே மாதத்தில் அந்த விமானத்துக்குள் ஏறுவது இட்லிப் பாத்திரத்துக்குள் உட்காருவது போலத்தான் இருக்கும்.

டிசம்பர் 4 கடற்படை தினம். 1971 போரில் கராச்சித் துறைமுகத்தைத் தாக்கிய நாள் அது. அந்த வாரத்தில் கடற்கரையில் பாதுகாப்பும் கூட்டமும் அதிகம். கூட்டம் பிடித்தவர்கள் போகலாம், கைக்குழந்தையோடு வேண்டாம்.

எத்தனை மணிக்குத் திறப்பாங்க? செலவு எவ்ளோ ஆகும்?

திங்கட்கிழமையை விட்டுவிடுங்கள், நீர்மூழ்கி அன்றைக்கு மூடியிருக்கும். வார நாளில் காலையிலேயே போய் வாசலில் நிற்க வேண்டாம், மத்தியானத்துக்கு மேல்தான் சரிப்படும். இருட்டும் வரை பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையிலும் திறப்பார்கள், ஆனால் கூட்டம். கிளம்புவதற்கு முந்தின நாள் அன்றைய நேரத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், பண்டிகை நாட்களில் மாற்றுவார்கள்.

நுழைவுக் கட்டணம் ரயில் செலவுக்கு முன்னால் ஒன்றுமேயில்லை. நாங்கள் ஐந்து பேர், கடற்கரைச் சாலையில் உள்ள எல்லாவற்றுக்கும் டீ, பொரி, ஐஸ்கிரீம் சேர்த்து ஆயிரம் ரூபாய் தனியாக எடுத்து வைத்தோம், மீதி வந்தது.

உள்ள என்னதான் இருக்கு? பசங்க ஏறலாமா?

முதலில் ஒரு கூடம். விமானத்தின் இன்ஜின், விசிறி, கடலில் போடுகிற கருவிகள், பறந்த விவரத்தைப் பதிவு செய்கிற பெட்டி, கடலில் விழுந்தால் உயிர் தப்ப வைத்திருந்த சாமான்கள், நீர்மூழ்கியைத் தாக்கும் ஆயுதம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். அவசரமாக விமானத்துக்கு ஓடாமல் இங்கே அரை மணி நேரம் நில்லுங்கள், ஏனென்றால் இதைப் பார்த்தால்தான் மேலே ஏறும்போது எது எதற்கு என்று புரியும்.

அப்புறம் படி ஏறி விமானத்துக்குள். வெளியே அவ்வளவு பெரிசு, உள்ளே நம் வீட்டு ஸ்டோர் ரூம் அளவு நடைபாதை. நாம் போகிற விமானம் மாதிரி வரிசையாக சீட்டு இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். இரண்டு பக்கமும் மீட்டர், சுவிட்ச், கம்பிக் கற்றை, நடுவில் ஆள் ஒருக்களித்துப் போகிற இடம். பத்துப் பேருக்கு மேல் இதற்குள் உட்கார்ந்து, பத்து மணி நேரத்துக்கு மேலும் கீழே இறங்காமல் வேலை பார்த்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரருக்கு ஆறடி, நெற்றியில் இடித்துக்கொண்ட தடம் திரும்பி வரும் வரை இருந்தது. என் மகன் ஒரு இருக்கையைக் காட்டி, "அம்மா, இவங்க பாத்ரூம் எப்படிப் போவாங்க?" என்று கேட்டான். பின்னால் வந்த நாலு பேரும் அதையே கேட்க நினைத்தவர்கள்தான் போல, எல்லாரும் சிரித்தார்கள்.

என் மாமியாருக்கு முட்டி வலி. அவங்களக் கூட்டிட்டுப் போகலாமா?

தாராளமாக. கூடத்தைச் சுற்றிப் பார்க்கலாம், விமானத்தைச் சுற்றி வரலாம். மேலே ஏறுவதுதான் சிரமம், இடமும் முன்னே சொன்ன மாதிரி நெருக்கடி. எங்கள் அத்தை ஏறவில்லை. இறக்கை நிழலில் நின்றுகொண்டு, எங்களைவிட அதிகமாக விமானத்தைப் பார்த்தது அவர்தான். ரயிலில் 45 வயது தாண்டிய பெண்களுக்கும் 60 தாண்டிய ஆண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு, பதிவு செய்யும்போது வயதைச் சரியாகப் போடுங்கள்.

எதிர்ல இருக்கற நீர்மூழ்கியும் பாக்கணுமா? எது முதல்ல?

கட்டாயம் பாருங்கள், அதையே முதலில் பாருங்கள். குர்சுரா 1969 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது, 2002-இல் அருங்காட்சியகமானது. 91 மீட்டர் நீளம். உள்ளே வழிகாட்டிகளாக இருப்பவர்கள் ஓய்வு பெற்ற கடற்படைக்காரர்கள், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் கலந்து சொல்வார்கள், நம் முகத்தைப் பார்த்தால் இரண்டு வார்த்தை தமிழும் வரும்.

முதலில் இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், ஒளிகிறவன் எப்படி இருப்பான் என்று தெரிந்துகொண்டு போனால் தேடுகிறவன் வேலை எவ்வளவு கஷ்டம் என்று பிள்ளைகளுக்குத் தானாகப் புரியும். நீர்மூழ்கிக்குள் வட்டமான இரும்புக் கதவுகளில் குனிந்து கால் வைத்துத் தாண்ட வேண்டும். மூச்சு முட்டுகிற மாதிரி இடம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தவிர்த்து விமானத்தை மட்டும் பார்க்கலாம். அதே சாலையில் சீ ஹாரியர் போர் விமானம் ஒன்றும் இருக்கிறது, விராட் என்ற விமானம்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த வகை, நேராக மேலே எழும்பவும் இறங்கவும் தெரிந்தது. நேரமிருந்தால் பாருங்கள்.

பையன் கேக்கறான், இது குண்டு போடற ப்ளேனா?

இதன் அண்ணன் குண்டு போடுகிற விமானம். டியூ-95 என்ற குண்டுவீச்சு விமானத்தைத்தான் கடலுக்கு ஏற்றபடி மாற்றி டியூ-142 செய்தார்கள். நேட்டோ நாடுகள் இந்தக் குடும்பத்துக்கு வைத்த பட்டப்பெயர் கரடி. நீர்மூழ்கியைத் தாக்க ஆயுதம் இதிலும் உண்டு. ஆனால் அன்றாட வேலை அது இல்லை, காது கொடுத்துக் கேட்பதுதான் வேலை. பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து, தண்ணீருக்கு அடியில் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவது. ஒரு தடவை எரிபொருள் நிரப்பினால் 12,000 கி.மீ. பறக்கும். 1988-இல் மாலத்தீவில் ஆட்சியைப் பிடிக்கக் கூலிப்படை இறங்கியபோது இந்திய ராணுவம் போனதே, அந்த நடவடிக்கையில் இந்த விமானங்களும் கடலைக் கண்காணித்தன.

தண்ணிக்குள்ள இருக்கறத ஆகாசத்துல இருந்து எப்படிக் கண்டுபிடிப்பாங்க? எனக்கே புரியல.

கூடத்தில் நீளமான குழாய் மாதிரி வைத்திருக்கிறார்களே, சோனோபாய், அதுதான் பதில். விமானத்திலிருந்து அதைக் கடலில் போடுவார்கள். மிதவையும் ஏரியலும் மேலே நிற்கும், கீழே ஒரு கம்பியில் தண்ணீருக்குள் மைக் இறங்கும். நீர்மூழ்கியின் இன்ஜின் சத்தமோ விசிறி சத்தமோ அந்த மைக்கில் விழுந்தால் ஏரியல் வழியாக விமானத்துக்கு வந்துவிடும். ஒன்று போட்டால் சத்தம் இருக்கிறது என்று தெரியும், எங்கே என்று தெரியாது. நாலைந்தை வரிசையாகப் போட்டு எதில் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டால் இடம் பிடிபடும்.

இன்னொரு வகை தானே சத்தம் போட்டு, அது எதிலாவது பட்டுத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். காசிமேட்டு விசைப்படகில் மீன் பார்க்க எக்கோ சவுண்டர் வைத்திருக்கிறார்களே, அடிப்படை அதேதான். எங்கள் மாடிவீட்டு அண்ணன் படகு ஓட்டுகிறவர். நான் வந்து கதை கதையாகச் சொல்ல, "மீன் சத்தம் கேட்டா ஓடும், அது மாதிரி அவனும் ஓடுவான்ல?" என்றார். சரியான கேள்வி. சத்தம் போட்டுத் தேடினால் நீர்மூழ்கியில் இருப்பவனுக்கும் நாம் தேடுவது தெரிந்துவிடும். அதனால்தான் முதலில் சும்மா கேட்டுக்கொண்டே இருப்பார்கள், கடைசியில்தான் சத்தம் கொடுப்பார்கள்.

விசிறி வச்ச ப்ளேன்னா பழசுதானே? ஜெட் இல்லையே, அதுல என்ன பெருமை?

விசிறி என்றவுடன் மெதுவாகப் போகும் என்று நினைக்கிறோம். இது மணிக்கு 900 கிலோமீட்டருக்கு மேல் போகும், விசிறி விமானங்களில் இந்தக் குடும்பத்தைவிட வேகமாகப் போவது கிடையாது. ஜெட்டைவிடக் குறைவான எரிபொருளில் அதிக தூரம் போக வேண்டும், வேகமும் குறையக் கூடாது என்பதற்காகத்தான் இப்படிச் செய்தார்கள். உள்ளே இருப்பதும் ஜெட் மாதிரியே டர்பைன்தான், அதன் சக்தி விசிறியைச் சுற்றப் போகிறது. ஒரு இன்ஜினுக்கு ஏறக்குறைய 15,000 குதிரைத்திறன்.

கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு இன்ஜினிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விசிறி இருக்கும், நாலு நாலு இலை. முன்னால் இருப்பது ஒரு பக்கம் சுற்றினால் பின்னால் இருப்பது எதிர்ப்பக்கம் சுற்றும். அவ்வளவு சக்தியை ஒரே விசிறிக்குக் கொடுக்க வேண்டுமானால் அதை இன்னும் பெரிதாகச் செய்ய வேண்டியிருக்கும், இப்போதே குறுக்களவு 5.6 மீட்டர். எதிரெதிராகச் சுற்றுவதால் விமானத்தை ஒரு பக்கமாக முறுக்குகிற இழுப்பும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். என் மகன் கீழே நின்று விரலை நீட்டி நீட்டி எண்ணி, "முப்பத்திரண்டு" என்றான். நான் நம்பாமல் திரும்ப எண்ணினேன், முப்பத்திரண்டுதான்.

அத்தை சொன்ன தம்ளர் சத்தத்துக்குக் காரணமும் இதுதான். விசிறி நுனிகள் ஒலியின் வேகத்தையே தாண்டிச் சுற்றும். உலகத்தில் அதிகச் சத்தம் போடுகிற விமானங்களில் ஒன்று என்று இதற்குப் பெயர்.

அவ்ளோ நல்ல ப்ளேன்னா ஏன் நிறுத்துனாங்க?

29 வருஷம் ஓடியாகிவிட்டது. அதுவும் ஒரு பெரிய விபத்துகூட இல்லாமல் ஓடியது. எந்த வண்டியானாலும் ஒரு கட்டத்துக்கு மேல் ஓட்டுவதைவிடப் பழுது பார்ப்பதற்கு அதிகம் செலவாகும், உதிரிபாகம் கிடைப்பதும் கஷ்டம். 2013-இலேயே போயிங் 737-ஐ அடிப்படையாக வைத்துச் செய்த பி-8ஐ விமானங்கள் அரக்கோணத்துக்கு வரத் தொடங்கிவிட்டன. இப்போது அதே அணி அவற்றைத்தான் ஓட்டுகிறது. பார்க்க நாம் பயணம் போகிற விமானம் மாதிரியே இருக்கும், சத்தமும் குறைவு. திருவாலங்காட்டில் தம்ளர் ஆடுவது நின்றுவிட்டது என்று அத்தைக்குக் கொஞ்சம் வருத்தம்கூட.

இவ்ளோ பெருசை எப்படி ரோட்டு மேல கொண்டு வந்தாங்க?

பறந்து வந்தது விசாகப்பட்டினத்தில் கடற்படையின் டேகா தளம் வரைதான். அங்கே இறக்கை, வால் எல்லாவற்றையும் பிரித்து, துண்டு துண்டாக லாரியில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவந்து மறுபடியும் பூட்டினார்கள். மகனிடம் இதைச் சொன்னதிலிருந்து வீட்டில் இருக்கிற பொம்மை ஒவ்வொன்றையும் பிரிக்கிறான். மறுபடி பூட்டுவதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நம்ம கடலுக்கு யாருக்கா வரப்போறா? இதெல்லாம் தேவையா?

இதை வடசென்னைக்காரரே கேட்டால் எப்படி? கெட்டிக்காரத்தனமாகச் சேட்டை பண்ணுகிறவனை "சரியான எம்டன்" என்கிறோமே, அந்த எம்டன் 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம் துறைமுகத்துக்கு வெளியே வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல். அது வந்தது யாருக்கும் தெரியாது. எரிந்த பிறகுதான் தெரிந்தது.

1971-இல் பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி நம் விக்ராந்த் கப்பலைத் தேடி வங்காள விரிகுடாவுக்கே வந்தது. விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்துவிட்டு, அது விசாகப்பட்டினம் அருகில் இருக்கிற மாதிரி ராஜ்புத் என்ற கப்பலைக் கொண்டு போக்குக் காட்டினார்கள். டிசம்பர் 3 நள்ளிரவு தாண்டி காஜி அந்தத் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கியது. அந்தப் போரின் நினைவுச் சின்னமும் இதே கடற்கரைச் சாலையில், நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. இந்த விமானங்கள் நம்மிடம் வந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பிறகு. தேவையா இல்லையா என்பதை அங்கே நின்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் வாதாட ஆசையில்லை.

போட்டோ எடுக்கலாமா?

வெளியே தாராளமாக எடுக்கிறார்கள். முழு விமானமும் படத்தில் வரவேண்டுமானால் சாலைக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும், வண்டி பார்த்துக் கடந்து போங்கள். உள்ளே எடுப்பதற்கு முன் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், வரிசையையும் மறிக்காதீர்கள். விமானத்தில் போகிறவர்களுக்கு: ஊருக்குள் இருக்கிற பழைய விமான நிலையம் மேலே சொன்ன டேகா தளத்தோடு சேர்ந்தது, அங்கே ஜன்னல் வழியாக செல்போனை நீட்டிப் படம் பிடிக்கக் கூடாது.

சாப்பாடு, தங்கறது, பாஷை?

வண்ணாரப்பேட்டை, ராயபுரத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெலுங்கு எப்படியும் பாதி தெரியும், மீதி சைகை. தங்குவதற்கு ரயில் நிலையம் பக்கமோ ஜகதாம்பா சந்திப்புப் பக்கமோ பாருங்கள், கடல் தெரிகிற அறை என்றால் வாடகை ஏறிவிடும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு வாங்கும்போது காரம் குறைவாக என்று சொல்லி வாங்குங்கள், சொன்னாலும் காரமாகத்தான் இருக்கும், தயிர் சேர்த்து வாங்குங்கள். சாயங்காலம் கடற்கரையில் முரி மிக்சர் என்று பொரியில் வெங்காயம், எலுமிச்சை பிழிந்து கொடுப்பார்கள், அதை விடாதீர்கள்.

பீச்சுதானே, குளிச்சிட்டு வந்துடலாமா?

வேண்டாம். நம் ஆட்கள் கடலைப் பார்த்தே வளர்ந்தோம் என்ற தைரியத்தில் இறங்குகிறார்கள். அந்தக் கரையில் உள்ளிழுப்பு அதிகம். கால் நனைத்தால் போதும்.

ஒரு நாள்தான் லீவு கிடைக்குது. கிட்டத்துல வேற எங்கயாவது இருக்கா?

பெங்களூருவில் பழைய விமான நிலையச் சாலையில் எச்.ஏ.எல். நிறுவனத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது, 2001-இல் தொடங்கியது. காலை ரயிலில் போய் ராத்திரி திரும்பிவிடலாம். மாருத் என்ற போர் விமானம் அங்கே இருக்கிறது, இந்தியாவிலேயே வடிவமைத்த முதல் ஜெட் போர் விமானம், 1961-இல் முதல் தடவை பறந்தது. நிறைய விமானங்கள், மரநிழல், பிள்ளைகள் ஓடியாட இடம். விமானங்களைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ள அதுவே போதும். ஒரே விமானத்துக்குள் போய் அது எப்படி வேலை செய்தது என்று பார்க்க வேண்டுமானால் விசாகப்பட்டினம். என்னைக் கேட்டால், சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் பெங்களூரு, இரண்டு வருஷம் கழித்து இது.

நாலு வயசுக் குழந்தைக்கு இதெல்லாம் என்ன புரியும்? பாட்டி வீட்ல விட்டுட்டுப் போகலாமா?

சோனோபாயும் டர்பைனும் புரியாது. உள்ளே பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்கவும் மாட்டார்கள். என் மகள் கூடத்தில் பாதி நேரம் ரப்பர் படகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் பசி என்றாள், அப்புறம் தூக்கச் சொன்னாள். இரண்டு பெரியவர்கள் மாறி மாறிப் பார்க்கிற மாதிரி போனால் சமாளிக்கலாம். அத்தை மேலே ஏறாததும் அதற்கு உதவியாக இருந்தது, அவளைக் கையில் பிடித்துக்கொண்டு இறக்கைக்குக் கீழே தம்ளர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது தண்டையார்பேட்டை மேல் எந்த விமானம் போனாலும் அவளுக்கு அது பாட்டி ப்ளேன்தான். சத்தம் கேட்டதும் சமையலறைக்கு ஓடி வந்து அலமாரியில் தம்ளர் ஆடுகிறதா என்று பார்க்கிறாள்.